வெட்டின இடத்தைப் பாருங்கள்

வல்லம், செஞ்சி, திண்டிவனம் வட்டாரத்து லேத் பட்டறைத் தம்பிகளுக்கு,

கொஞ்ச காலமாக உங்கள் கைப்பேசிகளில் ஒரே வகைப் படங்கள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. எனக்கும் வந்து சேர்கின்றன. பழைய கோல்ட், ஸ்மித் அண்ட் வெஸ்ஸன், வெப்ளி ரிவால்வர்கள். குழலை வெட்டிக் குட்டையாக்கி, கைப்பிடியை உருட்டி, சுத்தியலின் கொம்பை அறுத்து, உள்ளங்கையில் அடங்கும்படி யாரோ மாற்றியமைத்தவை. உங்களில் ஒருவர் படத்தோடு ஒரு குரல்பதிவும் அனுப்பியிருந்தார்: "இதுல என்ன பெரியப்பா பெரிய வேலை? ரெண்டு இஞ்ச் வெட்டி, ஃபேஸ் பண்ணி, எமரி போட்டா முடிஞ்சுது." இன்னொருவர் அதைவிட நேராகக் கேட்டார்: "நம்ம லேத்துல பண்ண முடியுமா?"

இரண்டாவது கேள்விக்குப் பதில் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன். என்னை எழுத உட்கார வைத்தது முதல் கேள்வி. நான் துப்பாக்கி செய்தவனில்லை. அம்பத்தூரில் டூல் ரூமில் காலம் தள்ளிவிட்டு ஊர் திரும்பியவன். ஆனால் நல்ல வேலையை ஒருவர் மட்டமாகப் பேசினால் எனக்குப் பொறுக்காது. அதே மாதிரி, மட்டமான வேலையை நல்ல வேலை என்று இருபது பேர் கைதட்டினாலும் பொறுக்காது. நீங்கள் அனுப்பிய படங்களில் இரண்டும் கலந்து கிடக்கின்றன.

முதலில் நல்ல வேலை. ஜான் ஹென்றி ஃபிட்ஸ்ஜெரால்ட் என்று ஒருவர். அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்டு ஊரிலுள்ள கோல்ட் கம்பெனியில் 1918-லிருந்து வேலை பார்த்தவர். துப்பாக்கிப் போட்டி நடக்கும் மைதானங்களில் கம்பெனி சார்பாக மேசை போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களின் ரிவால்வர்களைச் சரிபார்த்துக் கொடுப்பார். 1920-களில் அவர் பெரிய ரிவால்வர்களை எடுத்துக் குட்டையாக்கத் தொடங்கினார். குழல் இரண்டு அங்குலம். சுத்தியலின் கொம்பு கிடையாது. கைப்பிடியின் அடி வட்டமாக இழைக்கப்பட்டிருக்கும். விசையைச் சுற்றியிருக்கும் காப்பு வளையத்தின் முன்பாதியையும் எடுத்துவிடுவார். ஃபிட்ஸ் ஸ்பெஷல் என்று பெயர். அவரே .45 அளவில் இரண்டு வைத்திருந்தார். கால்சட்டையின் முன் பைகள் இரண்டிலும் தோல் வைத்துத் தைத்து, அவற்றில் போட்டுக்கொண்டு நடப்பாராம். ஆள் பருமன், கை பெரியது. அந்தக் கைக்கும் அந்தப் பைக்கும் அளவெடுத்த வேலை அது.

இதில் எதைப் பாராட்டுகிறோம்? குட்டையாக இருப்பதையா? குட்டையாக எதையும் ஆக்கலாம், ஹாக்சா போதும். குழலில் எடுத்த ஒவ்வொரு அங்குலத்துக்கும் என்ன விலை கொடுக்கிறோம் என்று அந்த மனிதருக்குத் தெரிந்திருந்தது என்பதைத்தான் நான் பாராட்டுகிறேன்.

விலை என்னென்ன என்று பாருங்கள். குழல் குறைந்தால், மருந்து எரிந்து குண்டைத் தள்ளுவதற்கு இடம் குறைகிறது. குண்டின் வேகம் போகும். எரியாத மிச்சம் வெளியே வந்து நெருப்பாகப் பளிச்சிடும், காதைக் கிழிக்கும். குறிமுனை குழலின் நுனியில்தான் இருக்கிறது; நுனி போனால் குறியும் போயிற்று. புதிதாக வைத்தாலும் முன்குறிக்கும் பின்குறிக்கும் நடுவே உள்ள தூரம் சுருங்கிவிட்டதால் கண் செய்யும் சின்னப் பிழையும் இலக்கில் பெரிதாகும். பக்கவாட்டில் உருளை திறக்கும் ரிவால்வர்களில் காலித் தோட்டாக்களைத் தள்ளிவிடும் தண்டு குழலுக்கு அடியில் படுத்திருக்கும். குழலோடு அதுவும் குட்டையாகிறது. குட்டைத் தண்டு காலி உறைகளை முழுக்க வெளியே தள்ளாது, பாதியில் நிற்கும். கொம்பை அறுத்தால் சட்டைப்பையில் சிக்காது, சரி. ஆனால் கட்டைவிரலால் பின்னிழுத்து நிதானமாகச் சுட முடியாது. ஒவ்வொரு தடவையும் விசையை முழு நீளத்துக்கு இழுத்தாக வேண்டும். அந்த இழுப்பு வெண்ணெயாக இல்லாவிட்டால் துப்பாக்கி தண்டம். படத்தில் தெரியாத வேலை, உள்ளே அந்த இழுப்பைச் சரிசெய்த வேலை. ஃபிட்ஸ்ஜெரால்டின் பேர் நின்றது அதனால்தான்.

காப்பு வளையத்தை வெட்டியதை மட்டும் என்னால் இன்றைக்கும் ஒப்புக்கொள்ள முடியவில்லை. பெரிய விரலுக்கும் கையுறைக்கும் வசதி என்று அவர் காரணம் சொன்னார். வளையம் இருப்பதே விசையில் வேறெதுவும் படாமல் இருக்கத்தான். பையில் ஒரு சாவிக்கொத்து கிடந்தால் போதும். பெரிய கைகாரர் செய்தாலும் தப்பு தப்புதான். பின்னால் வந்த கைவினைஞர்கள் பலர் அவருடைய மற்ற எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு இதை விட்டுவிட்டார்கள். கோல்ட் கம்பெனியும் 1927-ல் டிடெக்டிவ் ஸ்பெஷல் என்று இரண்டு அங்குலக் குழலோடு ஆறு தோட்டா ரிவால்வரைத் தொழிற்சாலையிலேயே செய்து விற்கத் தொடங்கியது. அதில் காப்பு வளையம் முழுதாக இருக்கிறது.

குட்டை ரிவால்வர் அவர் கண்டுபிடித்ததும் இல்லை. இங்கிலாந்தில் வெப்ளி கம்பெனி 1872-லேயே பிரிட்டிஷ் புல்டாக் என்று இரண்டரை அங்குலக் குழலோடு விற்றது. பெல்ஜியத்தில் அதைப் பார்த்துக் காப்பியடித்துத் தள்ளினார்கள். 1881 ஜூலை 2-ம் தேதி அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டை ஒருவன் சுட்டது அந்த வகைத் துப்பாக்கியால். கொம்பை அறுப்பதும் தனிப் பட்டறைக்காரர்களின் தந்திரமாக மட்டும் இருக்கவில்லை. பிரிட்டிஷ் ராணுவம் 1938-ல் டாங்கி வீரர்களுக்காகத் தன் என்ஃபீல்டு ரிவால்வரில் கொம்பையே எடுத்துவிட்டது. டாங்கிக்குள் ஏறி இறங்கும்போது எதிலாவது மாட்டிக்கொள்கிறது என்று புகார்.

இப்போது மட்டமான வேலைக்கு வருகிறேன். உலகத்திலேயே மிகப் பிரபலமான வெட்டுத் துப்பாக்கி எது தெரியுமா? உங்கள் படங்களில் அது இல்லை. 1963 நவம்பர் 22-ம் தேதி டல்லாஸ் நகரில் கென்னடி சுடப்பட்ட முக்கால் மணி நேரத்துக்குள் டிப்பிட் என்ற போலீஸ்காரரை லீ ஹார்வி ஓஸ்வால்ட் சுட்டானே, அந்த ரிவால்வர். கென்னடி கொலையை விசாரித்த வாரன் கமிஷன் ஆவணங்களில் காட்சிப்பொருள் 143.

அது இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரிட்டிஷ் படைக்காக ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் செய்து அனுப்பிய விக்டரி மாடல். குழல் ஐந்து அங்குலம். போர் முடிந்தபின் இப்படிப்பட்டவை மூட்டை மூட்டையாக விற்பனைக்கு வந்தன. அமெரிக்காவில் அந்த ரிவால்வருக்குரிய பழைய .38 தோட்டாவுக்குக் கிராக்கி இல்லை; .38 ஸ்பெஷல் என்ற நீளமான தோட்டாவுக்குத்தான் கிராக்கி. வியாபாரிகள் என்ன செய்தார்கள்? குழலை இரண்டேகால் அங்குலமாக வெட்டினார்கள், முன்குறியை மறுபடி வைத்தார்கள், உருளையின் துளைகளை நீளத் தோட்டாவுக்கு ஏற்றபடி ஆழமாக்கினார்கள். தபாலில் 29 டாலர் 95 சென்ட் விலை. ஓஸ்வால்ட் பொய்ப் பெயரில் வாங்கினான்.

மைக்ரோமீட்டர் பிடித்தவர்கள் இங்கே நின்று கவனியுங்கள். பழைய தோட்டாவின் உறை 386 தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு தௌ) விட்டம். ஸ்பெஷல் தோட்டாவின் உறை 379 தௌ. துளையை ஆழமாக்கினார்களே ஒழிய, பின்பக்கம் ஏற்கெனவே அகலமாக இருந்ததை யாரால் குறுக்க முடியும்? ஏழு தௌ ஆட்டம். சுட்டால் பித்தளை உறை உப்பிவிடும், சில சமயம் கிழியும். குழலும் பழைய, சற்றுப் பருமனான குண்டுக்குப் போட்டது. புதுக் குண்டு அதைவிட மூன்று, நான்கு தௌ சிறிது. தேய்ந்த ஹவுசிங்கில் பேரிங் போட்டு ஓட்டினால் சாஃப்ட் எப்படித் தள்ளாடுமோ, அப்படித் தள்ளாடிக்கொண்டு குண்டு வெளியே போகும்.

அந்தத் தள்ளாட்டம் சரித்திரத்திலேயே பதிவாகிவிட்டது. டிப்பிட்டின் உடலிலிருந்து எடுத்த குண்டுகளை எஃப்.பி.ஐ. நிபுணர் அந்தத் துப்பாக்கியோடு பொருத்திப் பார்த்தார், முடியவில்லை. குழல் குண்டைவிடப் பெரிதாக இருந்ததால் ஒவ்வொரு குண்டும் ஒவ்வொரு விதமாக உரசிக்கொண்டு போயிருந்தது. அதே துப்பாக்கியில் வரிசையாகச் சுட்ட சோதனைக் குண்டுகளே ஒன்றோடொன்று பொருந்தவில்லை. இல்லினாய்ஸிலிருந்து வந்த இன்னொரு நிபுணர் ஒரே ஒரு குண்டை மட்டும் அடையாளம் காட்டினார். கடைசியில் கீழே விழுந்து கிடந்த காலி உறைகள்தான் துப்பாக்கியைக் காட்டிக்கொடுத்தன. நாளைக்கு யாராவது குட்டை ரிவால்வர் படத்தைக் காட்டி "செம ஃபினிஷிங்" என்றால், துளைக்கும் தோட்டாவுக்கும் எத்தனை தௌ ஆட்டம் என்று கேளுங்கள்.

லண்டனில் காக்ஸ்வெல் அண்ட் ஹாரிசன் என்ற பழம்பெரும் கடைகூட இதே விக்டரி ரிவால்வர்களை இதே மாதிரி மாற்றி விற்றது. பேர் பெரிய பேர், ஆட்டம் அதே ஆட்டம். வெப்ளி .455 ரிவால்வர்களுக்கு இன்னொரு கதி. உருளையின் பின்பக்கத்தைச் சீவி, அமெரிக்க .45 பிஸ்டல் தோட்டா போகும்படி செய்தார்கள். தோட்டா உள்ளே போயிற்று; அதன் அழுத்தம் அந்த உருளை தாங்கும் என்று சோதித்துக் கொடுத்த அழுத்தத்தைவிட அதிகம் என்பதை யாரும் சொல்லவில்லை. வெடித்துச் சிதறியவை உண்டு. பொருந்துவது வேறு, தாங்குவது வேறு என்று கிணற்று மோட்டார் வேலையில் நீங்களே பார்த்திருப்பீர்கள்.

நம் நாட்டுக்கு வருவோம். இங்கே துப்பாக்கியை மாற்றியமைத்ததில் பெரிய கை அரசாங்கம்தான், அதுவும் தலைகீழான காரணத்துக்காக. கல்கத்தா பக்கத்து இஷாப்பூர் தொழிற்சாலையில் .303 ராணுவத் துப்பாக்கிகளை எடுத்து, குழலின் உள்ளே உள்ள முறுக்குக் கோடுகளை மழித்து, .410 அளவில் ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கியாக மாற்றினார்கள். போலீசுக்கும் சிறைக் காவலர்களுக்கும் கொடுக்க. அதை யாராவது பிடுங்கிக்கொண்டு போனாலும் ராணுவத் தோட்டா அதில் பயன்படாது, தூரமும் பாயாது. நல்ல ஆயுதத்தை வேண்டுமென்றே மோசமாக்கிய வேலை. 1878-ம் வருட ஆயுதச் சட்டத்தில் இந்தியர்களுக்கு ஒரு நீதி, வெள்ளைக்காரர்களுக்கு ஒரு நீதி என்று வைத்தவர்களுக்கு அது இயல்பான யோசனை.

அந்த யோசனையின் வால் சுதந்திரத்துக்குப் பிறகும் நீண்டது. படையும் போலீசும் வைத்திருந்த .38, .455 அளவு ரிவால்வர்கள் பொதுமக்களுக்குத் தடை. அனுமதிக்கப்பட்டது .32. அதனால் நம் ஊரில் உரிமம் வாங்கிய மிராசுதாரோ நகைக்கடைக்காரரோ வைத்திருக்கும் ரிவால்வர் பெரும்பாலும் .32 ஆகத்தான் இருக்கும். கான்பூர் தொழிற்சாலையில் செய்தது, பழைய வெப்ளியின் வாரிசு. கழுத்தில் மடியும். மடித்தால் உருளைக்குள்ளிருந்து நட்சத்திர வடிவத் தட்டு எழுந்து ஆறு காலி உறைகளையும் ஒரே தூக்கில் வெளியே தள்ளும். குழலின் நீளத்துக்கும் அந்தத் தட்டுக்கும் சம்பந்தமில்லை. கோல்ட்டைக் குட்டையாக்கினால் வரும் தண்டுப் பிரச்சினை இதில் பிறப்பிலேயே இல்லை. வெப்ளிக்காரர்கள் குட்டைக் குழலை மனதில் வைத்து இதைச் செய்யவில்லை. ஆனாலும் குட்டைக் குழலுக்கு இதைவிடத் தோதான அமைப்பு கிடையாது என்பது என் கட்சி.

2014 ஜனவரியில் கான்பூர்க்காரர்கள் அதே அமைப்பில் நிர்பீக் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். 2012 டெல்லிக் கொடுமைக்குப் பிறகு பெண்களின் கைக்கு என்று சொல்லி வந்தது. டைட்டானியக் கலவை, அரைக் கிலோ எடை. அப்போதைய விலை ஏறத்தாழ 1,22,000 ரூபாய். ராத்திரி ஷிப்ட் முடிந்து கம்பெனிப் பேருந்திலிருந்து சாலையில் இறங்கி நடக்கிற நம் பெண்பிள்ளைகளில் யாருக்கு அந்த விலை? எடையைக் குறைத்தவர்கள் விலையைப் பற்றி யோசித்த மாதிரி தெரியவில்லை. 2023 ஆகஸ்டில் பிரபல் என்று இன்னொன்று வந்தது. பக்கவாட்டில் உருளை திறப்பது, 76 மில்லிமீட்டர் குழல், 700 கிராம். இந்தியாவில் செய்த முதல் பக்கத்திறப்பு ரிவால்வர் என்று விளம்பரம். அமெரிக்காவில் நூறு வருடத்துக்கு மேல் புழங்கும் அமைப்பு நமக்கு இப்போது வந்திருக்கிறது. நடுவில் உத்தரப் பிரதேசத்தின் சண்டீலாவில் வெப்ளி அண்ட் ஸ்காட் பெயரிலேயே ஒரு தொழிற்சாலையும் .32 செய்யத் தொடங்கிவிட்டது. இவை எல்லாம் தொழிற்சாலைக் கணக்கு. தனி ஒரு கைவினைஞன், தனி ஒரு கைக்கு அளவெடுத்து மாற்றிக்கொடுக்கும் வேலை நம் நாட்டில் ஏன் வளரவில்லை?

சட்டம். 1959 ஆயுதச் சட்டத்தின் 5-ம் பிரிவுப்படி துப்பாக்கி செய்வதற்கு, விற்பதற்கு மட்டுமல்ல, பழுது பார்ப்பதற்கும் மாற்றியமைப்பதற்கும் உரிமம் வேண்டும். 6-ம் பிரிவு இன்னும் குறிப்பாக, நீங்கள் அனுப்பிய படங்களைப் பார்த்தே எழுதிய மாதிரி இருக்கும்: உரிமம் இல்லாமல் யாரும் துப்பாக்கியின் குழலைக் குட்டையாக்கக் கூடாது, போலித் துப்பாக்கியை நிஜத் துப்பாக்கியாக மாற்றவும் கூடாது. முன்பு இதற்குத் தண்டனை மூன்று வருடத்திலிருந்து ஏழு வருடம் வரை. 2019 டிசம்பரில் வந்த திருத்தத்துக்குப் பிறகு ஏழு வருடத்தில் தொடங்கி ஆயுள் வரை போகும். ஆகவே "நம்ம லேத்துல பண்ண முடியுமா" என்ற தம்பிக்குப் பதில்: முடியாது, கூடாது. யாராவது ஒருவர் பெட்டிக்குள் ஒரு பைப்பை வைத்துக்கொண்டு வந்து "சும்மா ஒரு ஸ்பேர், கொஞ்சம் போர் பண்ணிக் குடு" என்றாலும் இதே பதில்தான். வரைபடம் இல்லாமல் வரும் எந்த வேலையையும் எதற்கு என்று கேட்காமல் சக்கில் மாட்டாதீர்கள். சிக்கினால் அவர் கைப்பேசியை அணைத்துவிடுவார். பட்டறையின் பெயர்ப்பலகை உங்கள் அப்பா பெயரில் இருக்கிறது.

சட்டம் இவ்வளவு கடுமையாக இருப்பதில் எனக்கு வருத்தமில்லை. குழல் குறைந்தால் கிடைக்கும் ஒரே லாபம் மறைப்பதுதான். தமிழ்நாடு மறக்காத இரண்டு கைத்துப்பாக்கிச் சம்பவங்களை எடுத்துக்கொள்ளுங்கள். 1911 ஜூன் 17, மணியாச்சி ரயில் நிலையத்தில் வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டது. 1967 ஜனவரி 12, ராமாவரம் தோட்டத்தில் எம்.ஆர்.ராதா எம்.ஜி.ஆரைச் சுட்டது. ஒன்று அரசியல், ஒன்று மனஸ்தாபம். இரண்டையும் ஒரே தட்டில் வைக்கவில்லை. ஆனால் இரண்டிலும் சுட்டவர் எதிராளிக்குக் கை எட்டும் தூரம் வரை யாருக்கும் சந்தேகம் வராமல் போக முடிந்தது. குட்டைத் துப்பாக்கியின் உலகம் அந்தத் தூரம்தான். ஜெய்சங்கர் படங்களில் ஓடுகிற காரின் டயரைக் குட்டை ரிவால்வரால் சுடுவார்; ரசிக்கலாம், நம்பக் கூடாது.

பீகாரின் முங்கேரைப் பாருங்கள். 1760-களில் மீர் காசிம் தலைநகரை அங்கே மாற்றி ஆயுதப் பட்டறை வைத்த காலத்திலிருந்து தலைமுறை தலைமுறையாகத் துப்பாக்கி செய்த ஊர். கைத்திறமைக்குக் குறைவில்லை. உரிமம் பெற்ற பட்டறைகள் வேட்டைத் துப்பாக்கி மட்டும் செய்து, வாங்க ஆளில்லாமல் நொடித்துப்போயின. வேலை தெரிந்த கைகள் சந்துகளுக்குள் போய்க் கள்ளத் துப்பாக்கி செய்தன. இன்றைக்கு அந்த ஊர்ப் பெயரைச் சொன்னால் போலீஸ்தான் முதலில் திரும்பிப் பார்க்கும். அவர்கள் கையில் இருந்த திறமைக்கு ஃபிட்ஸ்ஜெரால்டுக்குக் கிடைத்த மேசை கிடைக்கவில்லை.

உங்களுக்கு அந்த மேசை இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். திருச்சியில் 1966-லிருந்து துப்பாக்கித் தொழிற்சாலை இருக்கிறது. 2021 அக்டோபருக்குப் பிறகு கான்பூர்த் தொழிற்சாலையோடு ஒரே கம்பெனியின் கீழ் வந்துவிட்டது. ஐ.டி.ஐ. படித்தவர்களை அப்ரண்டிஸாக எடுக்கிறார்கள். சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி ஐந்தையும் சேர்த்துப் பாதுகாப்புத் தொழில் வழித்தடம் என்று 2019-ல் தொடங்கிவைத்தார்கள்; நம் மாவட்டம் அதில் இல்லை, ஆனால் சேலமும் சென்னையும் நமக்குத் தூரமில்லை. ஹைதராபாத்தில் லேத்தும் மில்லிங் மெஷினும் செய்து விற்றுக்கொண்டிருந்த லோகேஷ் மெஷின்ஸ் என்ற கம்பெனி, இப்போது அஸ்மி என்ற சப்மெஷின் கன்னை ராணுவத்துக்குச் செய்து கொடுக்கிறது. மெஷின் ஷாப்பில் கை பழகியவர்கள் முறையான வழியில் துப்பாக்கிக்கு வந்த கதை அது. எப்படி வந்தார்கள் என்று தேடிப் படியுங்கள்.

அதற்கு முன்னால் ஒரு வேலை செய்யலாம். சென்னை போகும்போது எழும்பூர் அருங்காட்சியகத்தின் ஆயுதக் கூடத்துக்கும் கோட்டை அருங்காட்சியகத்துக்கும் போய்வாருங்கள். தஞ்சை அரண்மனையிலிருந்து வந்த ஆயுதங்கள் எழும்பூரில் இருக்கின்றன. கண்ணாடிக்குப் பின்னால்தான், பரவாயில்லை. குழல் முடிகிற இடத்தைப் பாருங்கள், இரண்டு பாகங்கள் சேரும் இடத்தைப் பாருங்கள், அரம் பட்ட தடத்தைப் பாருங்கள். மின்சாரம் இல்லாத காலத்துக் கை. எங்கே திருப்தியாக முடித்திருக்கிறான், எங்கே அவசரப்பட்டிருக்கிறான் என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும். வழிகாட்டிப் பலகையில் அது எழுதியிருக்காது.

திருச்சி அப்ரண்டிஸ் அறிவிப்பு வந்தால் வயது வரம்பை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். விண்ணப்பம் நிரப்ப உதவி வேண்டியவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் வாருங்கள். வரும்போது உங்கள் மைக்ரோமீட்டரையும் எடுத்துவாருங்கள். உங்களில் பாதிப் பேர் அதில் ஜீரோ செட் பண்ணிப் பல வருடம் இருக்கும்.

அன்புடன்,
வல்லத்திலிருந்து
ஒரு பழைய டூல் ரூம்காரன்